கணிப்பொறிக்குள் ஒரு துணைவிதி

திருத்தணிகை மலைமேல் ஏறிச் செல்ல 365 படிகள் உண்டு என்பதும், அவை ஓராண்டின் நாள்களைக் குறிப்பன என்பதும் நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்ததே. டிசம்பர் 31 ஆம் நாள் நடைபெறும் படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசனை செய்து, திருப்புகழ் பாடிய வண்ணம் அன்பர்கள் மேலேறுகின்றனர். எந்தப் படியையும் தாண்டிச் செல்லும் வழக்கம் அங்கு இல்லை.

சங்கக் காரியாலயத்தின் வேலையும் இத்தகையதே. நெசவாளருக்குப் பாவும் ஊடையும் எடை போட்டுக் கொடுப்பது ஒரு படி. நெய்த துணியைப் பெற்று அளப்பது மற்றொரு படி. குறை நிறை பார்த்துத் தேர்வு செய்வது, கூலி கணக்கிடுவது, பிடித்தங்களைக் கழிப்பது, ரசீது எழுதுவது, பேரேட்டில் ஏற்றுவது என ஒன்றன் பின் ஒன்றாக வேலை செல்கிறது. பயிர்ச் சங்கங்களிலும் விண்ணப்பம் பெறுதல், நில ஆவணம் பார்த்தல், கடன் வழங்குதல், தவணை நினைவூட்டுதல், வசூலித்தல் என இதே முறைதான். ஒரு படி தவறினால் அடுத்த படியும் தவறும்.

இப்படிகளுள் பலவற்றை இன்று கணிப்பொறி தானாகவே செய்து முடிக்கிறது. எழுத்தர் ஒரு பதிவைச் செய்தவுடன் அதற்கு அடுத்த நான்கு வேலைகளை மென்பொருள் தானே நிறைவேற்றுகிறது. இது நன்மையே. ஆயினும் ஆயத்தமாக வாங்கும் மென்பொருள், எல்லா ஊர்களுக்கும் பொதுவான படிகளையே அறியும். ஆர்.கே.பேட்டைக்கும் பள்ளிப்பட்டுக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் உரிய வழக்கங்களை அது அறியாது. அவ்வழக்கங்களை அதனுள் எவ்வாறு சேர்ப்பது, சேர்க்கும் உரிமை யாருடையது என்ற இரு கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய எண்ணுகிறோம். முதற் கேள்விக்கு விடை கூறுவோர் பலர் உளர். இரண்டாவது கேள்வியைச் சங்கங்கள் கேட்பதே அரிதாயிருக்கிறது.

மூன்று உறுப்புகள்

தானே இயங்கும் அலுவல் ஒழுங்கு எதுவாயினும் அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது நிகழ்ச்சி: ஒரு பதிவு புதிதாகச் செய்யப்படுகிறது, அல்லது திருத்தப்படுகிறது, அல்லது ஒரு குறித்த நாள் வருகிறது. இரண்டாவது நிபந்தனை: அப்பதிவு இன்ன வகையினதா, தொகை இவ்வளவுக்கு மேற்பட்டதா என்று பார்ப்பது. மூன்றாவது செயல்: நிபந்தனை பொருந்தினால் செய்ய வேண்டிய காரியம்.

செயல்களுள் சில ஆயத்தமாகவே கிடைக்கும். கைப்பேசிக்குச் செய்தி அனுப்புதல், மின்னஞ்சல் விடுத்தல், ஒரு கட்டத்தில் உள்ள எண்ணை மாற்றுதல், ஒருவருக்கு வேலை ஒதுக்குதல் ஆகியன அவை. பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்தால் போதும். எழுத வேண்டியது எதுவும் இல்லை. இவற்றால் முடியாத காரியம் வரும்போது நாமே சில வரிகளில் கட்டளைகளை எழுதி, அந்த ஒழுங்கின் நடுவில் ஒரு படியாகப் பொருத்த வேண்டும். இதனையே ஸ்கிரிப்ட் என்பர். நாம் கட்டளைத் தொடர் என்று கூறுவோம்.

தறியில் இருந்த வழக்கம்

இது நெசவாளருக்குப் புதிய செய்தி அன்று. பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பார் 1804 ஆம் ஆண்டில் அமைத்த கருவியை நாம் தறியின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். துளையுள்ள அட்டைகளை வரிசையாகக் கோத்துப் பெட்டியில் மாட்டுகிறோம். ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை முன்வருகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது, அதற்குரிய கொக்கி மேலெழுகிறது, பாவிழை தூக்கப்படுகிறது. துளை இல்லாத இடத்தில் இழை தாழ்ந்தே நிற்கிறது. ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளால் கரையும் முந்தியும் உருவாகின்றன.

ஒரு திருமணத்திற்காக முந்தியில் பெயர் நெய்து தரும்படி கேட்டால் என்ன செய்வோம்? தறியைக் கலைப்பதில்லை. பெயருக்குரிய அட்டைகளைத் தனியே துளையிட்டு, பழைய சரத்தை உரிய இடத்தில் அவிழ்த்து, புதியவற்றை நடுவில் கோத்துவிடுகிறோம். ஓர் அட்டை முன்பின்னாகக் கோக்கப்பட்டாலும், தறி அதை அறியாது. பிழையையும் அதே வேகத்தோடும் அதே பணிவோடும் நெய்துகொண்டே போகும். தேர்வு மேசைக்கு வந்த பிறகுதான் குறை தெரியும்.

ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று 1839 ஆம் ஆண்டில் லியோனில் உருவாயிற்று. அதற்கு 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் பாபேஜ் அப்படத்தில் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணிக்கும் பொறிக்கு அட்டை வழியாகவே கட்டளை தருவது என்பது அவருடைய முடிவு. அப்பொறியைப் பற்றி 1843 இல் விரிவான குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையாரும் ஜக்கார்டு தறியோடு அதனை ஒப்பிட்டார். ஆகவே கணிப்பொறி நம் வீட்டுத் தறியின் உறவினரே அன்றி அந்நியர் அல்லர்.

இன்றுள்ள கருவிகள்

இவ்வாறு படிகளைச் சேர்க்கும் வசதியுள்ள கருவிகள் நம் நாட்டிலேயே ஆக்கப்படுகின்றன. 1996 இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009 முதல் ஜோஹோ என வழங்கும் நிறுவனம் சென்னையை அடுத்தும் தென்காசி வட்டாரத்திலும் இயங்கி வருகிறது. அதன் கிரியேட்டர் என்ற சாதனம் 2006 இல் வெளிவந்தது. அதற்கென அமைந்த எளிய கட்டளை மொழிக்கு டெலூஜ் என்று பெயர். ஒரு படிவம் பதிவாகும் முன் சரிபார்க்கும் வேளையிலோ, பதிவு நிறைவேறிய பின்னரோ, குறித்த நாளிலோ நம் கட்டளைத் தொடரை ஓடச் செய்யலாம். பிழையான பதிவை ஏற்காமல் நிறுத்திவிடவும் அம்மொழியில் வழி உண்டு.

மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் என்பது மற்றொன்று. அதன் மூல வரிகள் எல்லோருக்கும் திறந்தவை; விரும்பும் சங்கம் தன் சொந்தக் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஓர் ஆவணம் சேமிக்கப்படும் முன், சமர்ப்பிக்கப்பட்ட பின் எனப் பல இடங்களில் பைதான் மொழியில் படிகளைச் சேர்க்க அதில் இடமுண்டு. அக்கட்டளைகள் வேலியிட்ட வயலுக்குள் மேயும் மாடுபோல ஓர் எல்லைக்குள்ளேயே இயங்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. அன்றியும், நாமே நிறுவும் புதிய பதிப்புகளில் இவ்வசதி தொடக்கத்தில் மூடியே இருக்கும்; பொறுப்பாளர் வேண்டுமென்றே திறந்தாலன்றிச் செயற்படாது. எழுதத் தெரிந்தவர் எவரும் கணக்கின் உள்ளே கைவைக்கலாம் என்றிருப்பது ஆபத்து என்பதை ஆக்கியோரே உணர்ந்திருக்கின்றனர்.

பயிர்ச் சங்கங்களுக்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000 ஐக் கணிப்பொறி மயமாக்க 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. மென்பொருள் பொதுவானது, ஆயினும் அந்தந்த மாநிலத்தின் மொழியும் தேவையும் ஏற்க மாற்றியமைத்துக்கொள்ள இடமிருக்கும் என்பது திட்டத்திலேயே கூறப்பட்டது. 1904 ஆம் ஆண்டின் சட்டத்தை ஒட்டி, நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் ஒரு சிறு சங்கம் தோன்றிய காலத்தில், ஒரு பேரேடும் ஒரு மைக்கூடும் இருந்தால் கணக்கு நடந்தது. அன்று கணக்கு எழுதும் முறையைச் சங்கத்தாரே கண்ணால் கண்டு அறிந்தனர். இன்றும் அவர்கள் அறிய வேண்டும்.

நம் ஊர் வழக்கங்கள்

எத்தகைய படிகள் நமக்கு வேண்டியிருக்கும்? மூன்றைக் கூறுவோம்.

ஆடிக் கிருத்திகையன்று நம் வட்டாரத்தில் தறியோசை கேட்பது அரிது. காவடி எடுப்போரும் உடன் செல்வோருமாக ஊரே தணிகை மலையை நோக்கிப் புறப்பட்டு விடுகிறது. பொதுவான மென்பொருளோ ஞாயிற்றுக்கிழமையை மட்டுமே விடுமுறையாக எண்ணும். துணி ஒப்படைக்கும் கெடுவோ கடன் தவணையோ அந்நாளில் வந்தால், மறுநாளே தாமதம் என்று குறித்துவிடும். கெடு நாளை அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும் படி ஒன்றை நாம் சேர்க்கலாம். ஆனால் கிருத்திகை ஆண்டுக்கு ஆண்டு வேறு தேதியில் வரும். ஆகவே தேதியைக் கட்டளைக்குள் எழுதி வைத்தல் கூடாது. விடுமுறை நாள்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று வைத்து, கட்டளை அதைப் பார்த்துக்கொள்ளுமாறு செய்ய வேண்டும். பட்டியலை ஆண்டுதோறும் எழுத்தரே நிரப்பலாம். கட்டளையைத் தொட வேண்டுவதில்லை.

இரண்டாவது, மொழி. ஆந்திர எல்லையை ஒட்டிய நம் ஊர்களில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஒரே தெருவில் தறி போட்டிருக்கின்றனர். தவணை நினைவூட்டு ஆங்கிலத்தில் வந்தால் இரு சாராருக்கும் பயனில்லை. அங்கத்தினர் பதிவேட்டில் அவர் விரும்பும் மொழியைக் குறித்து வைத்து, அம்மொழியில் செய்தி அனுப்பும் படியைச் சேர்த்தல் பெரிய காரியமன்று. சில வரிகளே ஆகும்.

மூன்றாவது, பிடித்தம். சிக்கன நிதிக்குக் கூலியில் ரூபாய்க்கு 8 காசு என்று ஒரு சங்கத்தில் வழக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 6,400 ரூபாய் கூலிக்கு 512 ரூபாய் பிடித்தம். கையில் கிடைப்பது 5,888 ரூபாய். இதைக் கணிப்பொறியே செய்யும்படி ஒரு படி சேர்க்கப்படுகிறது. இனி நேரக்கூடியதைப் பார்ப்போம்.

இருமுறை பிடித்த பணம்

பதிவு சேமிக்கப்படும் போதெல்லாம் பிடித்தத்தைக் கணக்கிட்டு நிதியில் எழுதுக என்று கட்டளை அமைந்திருக்கிறது. படிக்கும்போது குற்றமில்லை. எழுத்தர் கூலிச் சீட்டைப் பதிவு செய்கிறார். 512 ரூபாய் பிடிக்கப்படுகிறது. மாலையில் நெசவாளரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதைக் கண்டு திருத்தி மீண்டும் சேமிக்கிறார். கணிப்பொறிக்கு அதுவும் ஒரு சேமிப்பே. மறுபடியும் 512 ரூபாய் பிடிக்கப்படுகிறது. நெசவாளர் கையில் பெறுவது 5,376 ரூபாய். ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவு ஓர் எழுத்துத் திருத்தத்தில் மறைந்துவிட்டது. திருடியவர் எவரும் இல்லை. கேட்டால், கணிப்பொறி அப்படித்தான் காட்டுகிறது என்ற விடை கிடைக்கும்.

இதைத் தவிர்க்கக் கட்டளை எப்படி அமைய வேண்டும் என்பதை நடைத் தமிழில் எழுதிக் காட்டுவோம்:

1. துணித் தேர்வு முடிந்தது என்று குறிக்கப்பட்ட சீட்டுக்கு மட்டுமே இப்படியைச் செய்க.
2. இதே சீட்டு எண்ணுக்கு முன்னரே பிடித்தம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க. எழுதப்பட்டிருந்தால் நிற்க.
3. பிடித்த விகிதத்தைப் பட்டியலில் இருந்து எடுக்க. கூலியோடு பெருக்குக.
4. காசு மிஞ்சினால் குழுவின் தீர்மானப்படி முழு ரூபாயாக்குக.
5. தொகையைச் சீட்டு எண்ணோடும் தேதியோடும் நிதிக் கணக்கில் எழுதுக.
6. கூலி, பிடித்தம், மீதி மூன்றையும் அங்கத்தினருக்கு அவர் மொழியில் தெரிவிக்க.
7. இவற்றுள் எது தவறினாலும் மேலே செல்லாமல், காரியதரிசியின் பார்வைப் பட்டியலில் சேர்க்க.

இரண்டாவது வரியும் ஏழாவது வரியும்தான் பெரும்பாலும் விடுபடுவன. இரண்டாவது வரி இருந்தால், ஒரே படி பத்து முறை ஓடினாலும் பலன் ஒரு முறைதான். ஏழாவது வரி இல்லாவிட்டால், தவறு மௌனமாகவே நிகழும். செய்தி அனுப்பும் நிலையம் விடை தராதிருக்கலாம், இணைப்பு அறுந்திருக்கலாம். வாடகைக்குப் பெறும் மென்பொருள்களில் ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் கட்டளை ஓடலாம் என்ற வரம்பும் உண்டு. கூலி நாளில் நூற்றுக்கணக்கான சீட்டுகள் ஒருசேர வரும்போது வரம்பு தீர்ந்து, கடைசிச் சில சீட்டுகளுக்கு மட்டும் படி நடைபெறாமற் போகலாம்.

நான்காவது வரியையும் சிறிதென எண்ணலாகாது. 6,437 ரூபாய் கூலிக்கு 8 காசு வீதம் 514 ரூபாய் 96 காசு வருகிறது. அதனை 515 ஆக்குவதா, 514 ஆக்குவதா? வேறுபாடு ஒரு ரூபாய்தான். ஆயினும் ஒரு கணக்கில் ஒரு முறையும் மற்றொரு கணக்கில் வேறு முறையும் பின்பற்றினால், ஆண்டு முடிவில் ஐந்தொகை பொருந்தாது. தணிக்கையாளர் முன் விடை கூற இயலாது. எம்முறை என்று முடிவு செய்வது மென்பொருள் எழுதுவோரின் வேலை அன்று. அது சங்கத்தின் வேலை.

கடல் கடந்த ஒரு பாடம்

கணக்கு இயந்திரத்தை ஐயுறாமல் நம்பினால் என்ன விளையும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்ததே சான்று. அந்நாட்டு அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. பல கிளைகளில் இருப்புப் பணம் குறைவதாக அது காட்டிற்று. சிறு ஊர்களில் கடையோடு சேர்த்து அஞ்சல் நிலையம் நடத்திய எளியவர்கள், தாம் எடுக்காத பணத்திற்குப் பொறுப்பாளிகளாயினர். சிலர் சொந்தப் பொருளை விற்றுக் கட்டினர். சிலர் சிறை புகுந்தனர். 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டனை பெற்றனர். அம்மென்பொருளில் பிழைகள் இருந்தன என்பதையும், கிளைக் கணக்கைத் தொலைவிலிருந்தே, அக்கிளையார் அறியாமல் மாற்ற முடிந்தது என்பதையும் 2019 இல் உயர் நீதிமன்றம் கண்டறிந்து கூறியது. 2024 இல் தனிச் சட்டம் இயற்றியே இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் அத்தண்டனைகள் நீக்கப்பட்டன.

அது சேர்க்கப்பட்ட ஒரு படியின் கதை அன்று; பெரியதொரு மென்பொருளின் கதை. ஆயினும் நமக்குரிய பாடம் தெளிவானது. எளியவரின் சொல்லும் இயந்திரத்தின் எண்ணும் மாறுபடும்போது, எண்ணே மெய் என்று முன்கூட்டி முடிவு கட்டுதல் நீதியன்று. உள்ளே என்ன படிகள் நடக்கின்றன என்பதைக் காட்ட இயலாத கணக்கைச் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

நிர்வாகக் குழு செய்ய வேண்டுவன

பிடித்த விகிதம், கெடு நாள், தண்ட வட்டி ஆகியவற்றை மாற்ற வேண்டுமாயின் சங்கத்தில் தீர்மானம் வேண்டும். சிலவற்றுக்குத் துணைவிதித் திருத்தமே வேண்டும். அதே மாற்றத்தைக் கணிப்பொறிக்குள் ஒருவர் இரவில் உட்கார்ந்து பத்து வரிகளில் செய்துவிட முடிகிறது. எனவே மென்பொருளில் சேர்க்கும் ஒவ்வொரு படியையும் துணைவிதிக்கு நிகராகவே நாம் கருத வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து. இதனை நடைமுறைக்குக் கொணரச் சில வழிகளைக் கூறுகிறோம்.

படி எழுதப்படுமுன், அது என்ன செய்யும் என்பது மேலே காட்டியவாறு நடைத் தமிழில் எழுதப்பட்டு, குழுவில் படிக்கப்பட்டுத் தீர்மானம் ஆக வேண்டும். வரிகளை எழுதுவோர் வெளியாராக இருக்கலாம்; கருத்து சங்கத்தினுடையதாக இருத்தல் வேண்டும்.

எழுதியதை உடனே உண்மைக் கணக்கில் பூட்டுதல் கூடாது. ஒத்திகைத் தளம் ஒன்றில் சென்ற மாதத்துச் சீட்டுகளை ஓட்டிப் பார்த்து, கையால் எழுதிய பேரேட்டோடு ஒப்பிட வேண்டும். சரியான சீட்டுகளோடு வேண்டுமென்றே பிழையான சீட்டுகளையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே சீட்டை இருமுறை சேமித்தும், கூலி சுழியம் என எழுதியும், மொழி குறிக்காத அங்கத்தினரைச் சேர்த்தும் பார்த்தால் படியின் உறுதி தெரிந்துவிடும்.

படிகளுக்கென ஒரு பதிவேடு காரியாலயத்தில் இருக்க வேண்டும். படியின் பெயர், நோக்கம், தீர்மான எண், பூட்டிய நாள், மாற்றிய நாள், எழுதியவர், சோதித்தவர் என்ற விவரங்களும், கட்டளை வரிகளின் அச்சுப் படியும் அதில் இடம்பெற வேண்டும். எழுதியவரே சோதித்தவராகவும் இருத்தல் ஆகாது. எழுதிய இளைஞர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்ட பின்னும் சங்கம் தடுமாறாமல் இருக்க இப்பதிவேடே துணை. நுழைவுச் சொற்கள் ஒருவர் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் இருத்தலும் இன்றியமையாதது.

ஒவ்வொரு படியையும் நிறுத்திவைக்கும் வழி காரியதரிசிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜக்கார்டில் சரம் சிக்கினால் தறியை நிறுத்திவிட்டுத்தான் அவிழ்க்கிறோம், ஓடவிட்டு அவிழ்ப்பதில்லை.

கடைசியாக, அங்கத்தினரின் கடமை ஒன்று உண்டு. கைப்பேசியில் வரும் கூலிக் கணக்கைப் படித்துப் பாருங்கள். பிடித்தம் ஒன்று விளங்கவில்லை என்றால் காரியாலயத்தில் கேளுங்கள். இது எந்தப் படியால் வந்தது, எந்தத் தீர்மானப்படி வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. அதற்குப் பதிவேட்டைத் திறந்து விடை காட்டுவது காரியாலயத்தின் கடமை. பொதுக்குழுவில் வரவு செலவை வாசிக்கும் போது, அவ்வாண்டு சேர்க்கப்பட்ட படிகளையும் நீக்கப்பட்டவற்றையும் வாசிக்கும்படி கோருங்கள். ஐந்து நிமிடமே ஆகும்.

கணிப்பொறியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதனிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு உறங்கவும் வேண்டியதில்லை. அட்டையில் துளையிடுவது எங்கே என்று தீர்மானிப்பவர் நெசவாளரே என்ற நிலை நம் தறிகளில் இருந்து வருகிறது. சங்கத்தின் கணக்கிலும் அந்நிலை நீடிக்குமாறு செய்தல் நம் பொறுப்பாகும். வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே படிப் பதிவேடு ஒன்றைத் திறக்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.